உண்ணாமலை கேட்ட இரண்டாவது துண்டு

பெரியப்பன் வாயை இரண்டு தடவை அறுக்க வைத்தவள் என்கிறீர்களே, முதல் தடவை அறுத்ததைக் கெடுத்தது யார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? இந்த வேங்கிக்கால் ஊரில் வாய் இருப்பவர்களெல்லாம் பேசுகிறீர்கள். உண்ணாமலையைப் பேசும்போது மட்டும் கொஞ்சம் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

எண்பத்தொன்பதில் அவளுக்கு டாக்டர் சீட்டு கிடைத்தபோது இதே தெருதான் சாக்லேட் வாங்கித் தின்றது. மேற்படிப்புக்கு அவள் எடுத்ததோ நோயாளியைத் தொடாத படிப்பு. அறுத்தெடுத்த சதையைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல வேண்டும். அதிலும் வாய், தொண்டை, கழுத்துக் கட்டிகள்தான் அவளுக்கு. லீவில் வந்தால் முட்டிவலி என்று ஒருத்தி நிற்பாள், சளி என்று ஒருத்தன் நிற்பான். ஊசி போடமாட்டாள் என்று தெரிந்ததும் பாஸாகாத டாக்டர் என்று பேர் வைத்தார்கள். எத்தனை பேருக்குத்தான் விளக்குவாள்? தனக்கு ஊசி என்றால் பயம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் பெரியப்பா முருகையனுக்குக் கன்னத்தின் உட்புறம், புகையிலை அடக்கும் இடத்தில், புண் வந்தது. இங்குள்ள டாக்டர் ஒரு துண்டு வெட்டி, கெடாமலிருக்க மருந்துத் தண்ணீர் ஊற்றிய சீசாவில் போட்டு, சென்னையில் வேலை பார்த்த உண்ணாமலையிடமே கொடுக்கச் சொன்னார். சீசாவை எடுத்துப் போனவள் அவர் மனைவி ராஜம்மாள். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தாள்.

உண்ணாமலை மூடியைத் திறந்தாள். மருந்து வாடையே இல்லை, வேறு நாற்றம்.

"அந்த மருந்து கொடலைப் புடுங்குச்சும்மா. பஸ்ஸுல எப்படி மடியில வெச்சுக்கறது? கொட்டிட்டுக் கோயில் தீர்த்தம் ஊத்தினேன். அவரு சதையாச்சே, நல்லதுல இருக்கட்டும்னு."

என்னவென்று திட்டுவாள்? சதை அழுகிவிட்டது. அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்து, இன்னொரு துண்டு வேண்டும் என்று பெரியப்பா முன்னால் நின்றாள். முதல் வலியே ஆறவில்லை என்று அவர் மறுத்தார். அவள் அப்பா மூர்த்தியும் அண்ணன் பக்கமே பேசினார்.

"ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடேன். எழுதறவ நீதானே?" என்றார் முருகையன்.

"பாக்காததை எழுதமாட்டேன் பெரியப்பா. உங்களுக்குன்னா கண்டிப்பா எழுதமாட்டேன்."

அவர் சம்மதிக்கும்வரை சோற்றில் கை வைக்கமாட்டேன் என்று எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை பட்டினி கிடக்கிறாள் என்று ராஜம்மாளே புருஷனைத் திட்டிக் கிளப்பினாள். இந்தத் தடவை சீசாவை உண்ணாமலையே எடுத்துப் போனாள். புற்றுநோய்தான், ஆரம்பம். கன்னத்தில் ஆபரேஷன் செய்தார்கள், மனுஷன் பிழைத்தார். அது தெருவின் கண்ணில் படவில்லை. வாய் கோணிப்போனதுதான் பட்டது.

அந்தக் கோணல் வாயால் ஒருநாள் கேட்டார்: "உங்கப்பனும் நானும் ஒரே பொகையிலப் பொட்டலத்துல போட்டவங்க. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு வந்துச்சு?"

 மைக்ராஸ்கோப் என்ன நோய் என்று காட்டும், ஏன் என்று காட்டாது. அதற்கு மரபணுவைப் பார்க்க வேண்டும், அந்தப் படிப்பு மும்பையில் இருந்தது. நீங்கள் பேசுவதுபோல் கல்யாணத்துக்குப் பயந்தும் அவள் ஓடவில்லை, எவனோடும் ஓடவில்லை. இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுத்தான் போனாள்.

இரண்டாயிரத்து மூன்றில் அவள் கிளம்பிய அன்று முருகையன் வாசலில் நின்றார். கேட்டது ஞாபகம் இருக்கிறதா என்றார்.

"அதுக்குத்தான் போறேன். தெரியலைன்னா தெரியலைன்னு வந்து சொல்றேன்."

வேலையை விட்ட கோபத்தில் மூர்த்தி திரும்பி உட்கார்ந்திருந்தார், அப்போதும் கன்னத்தில் புகையிலை. ஜன்னலில் இருந்த அவர் பொட்டலத்தை எடுத்துத் தன் பையில் திணித்துக்கொண்டாள். அவர் கத்தினார். கடைக்குப் போய் வேறு வாங்குவார் என்று அவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் திருப்பித் தராமல் படியிறங்கிப் போனாள்.