பரணில் வைத்த குரல்

மாப்பிள்ளைக்குக் கொல்லிமலையில் வேலை என்று சொன்னதும் அழுதது நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கெல்லாம் கலியாணச் சாப்பாட்டுக் கவலை. எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். வாசலில் நின்றால் மலை தெரியும். அதில் ஏறிப்போனவர்கள் காய்ச்சலோடுதான் இறங்கி வருவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் என்னை அனுப்பினார்கள்.

என் வீட்டுக்காரர் ஆலத்தூர் நாட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்கு மேஸ்திரி. மலைமேல் நாலைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்பார்கள். தோட்டத்தை உண்டாக்கிய பெரிய முதலாளி செத்துப்போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் மகன் சேலத்தில் இருந்தார். காய்ச்சலுக்குப் பயந்து மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். பெரியவர் கட்டிய ஓட்டு பங்களா பூட்டியே கிடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் அதைத் திறந்து கூட்டி, ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் விரியப் போட்டுவிட்டுப் பூட்டி வருவது என் பொறுப்பு. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டுக்காரருக்கு விடிந்தால் தோட்டம், பொழுது சாய்ந்தால் சோறு, சோறு தின்றால் தூக்கம். முதல் இரண்டு வருஷத்தில் எனக்கு இரண்டு கரு கலைந்தது. இரண்டு தடவையும் மறுநாள் விடிந்ததும் அவர் தோட்டத்துக்குப் போனார். நான் பங்களாவைக் கூட்டப் போனேன்.

பங்களாவின் உள்ளறையில் துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. தையல் மிஷின் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் அதன்மேல் தூசி தட்டியிருக்கிறேன். ஒருநாள் கிழிந்த ரவிக்கையைத் தைக்கலாம் என்று துணியை விலக்கினால், அது கிராமபோன் பெட்டி. அந்தப் பெட்டியின் கீழறையில் காகித உறை போட்டு பதினொரு இசைத்தட்டுகள். ஒரு தகர டப்பாவில் ஊசிகள். சேந்தமங்கலத்து ஜவுளிக்கடையில் அப்படி ஒன்று பாடுவதைச் சின்ன வயதில் பார்த்திருந்ததால் எனக்குப் பயமில்லை.

அன்றைக்கு என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். திண்ணனூர் நாட்டுப் பக்கத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த மலைக்காரப் பெண். மிளகு பறிப்பாள், காப்பிக்குக் களை எடுப்பாள், பங்களாவுக்குத் தண்ணீர் கொண்டு வருவாள். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ சின்னவள். சாவி கொடுத்து முறுக்கியது அவள்தான். எனக்குக் கை வலித்தது, அவள் கை உழைத்த கை.

தட்டு சுழன்றது. முதலில் சோளப்பொரி பொரிகிற சத்தம். அதற்கு அடியிலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. பாட்டில்லை, சொல்லே இல்லை. வெறும் குரல் மட்டும் மெள்ள மெள்ள ஏறியது, ஓரிடத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது, சட்டென்று இறங்கி, இறங்கின இடத்திலிருந்து மறுபடி வேறு வழியாக ஏறியது. அதற்கு ராகம் என்று பெயர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரைத் தானே உரக்கச் சொன்னாள். அந்தக் காலத்துத் தட்டுகளில் அது வழக்கமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பிறந்த வீட்டில் 'புள்ள', புகுந்த வீட்டில் 'இவளே'. ஒரு பொம்பளை தன் பெயரை இத்தனை தெம்பாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மலைக்காரி கேட்டது வேறு.

"ஏனுங்கக்கா, இந்தம்மாளுக்கு மூச்சு எங்கிருந்துங்க வருது? சுமையத் தூக்கிட்டு ஏத்தம் ஏறறோமே, நமக்கே இத்தன மூச்சு நிக்காதுங்களே!"

உறையின் மேல் பெரிய முதலாளி வாங்கிய வருஷத்தை மையால் எழுதி வைத்திருந்தார். நான் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முந்தி. என் அம்மாவுக்கே அப்போது கலியாணம் ஆகியிருக்காது. அந்தக் காலத்தில் கேட்டவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்கள், பாடினவளும் கிழவியாகியோ சாம்பலாகியோ இருப்பாள். என்னோடு பிறந்தவர்கள் கீழே டெண்டுக் கொட்டகையில் கேட்டு வந்த சினிமாப் பாட்டை முனகிக்கொண்டிருந்த காலம் அது. நான் போய், யாரும் திரும்பிப் பார்க்காத இதன்மேல் விழுந்தேன். விழுந்தேன் என்றால் விழுந்தேன்தான். வாரத்துக்கு இரண்டு நாள் கூட்டின பங்களாவை ஐந்து நாள் கூட்ட ஆரம்பித்தேன்.

வீட்டுக்காரர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு முகம் சுளித்தார்.

"இதெல்லாம் தாசிங்க பாடறது. ஊட்டுப் பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கருமம்?"

"அப்ப நீங்க பாடுங்க, கேக்கறேன்" என்றேன்.

அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாடவும் இல்லை.

பதினொன்றிலும் அந்த ஒரு தட்டைத்தான் நான் அதிகம் போட்டேன். ஊசி மழுங்கிவிடும் என்று வேண்டுமென்றே இரண்டு நாள் கேட்காமல் இருந்து பார்ப்பேன். மூன்றாம் நாள் விடியுமுன்னே பங்களா வாசலில் நிற்பேன். மலைக்காரி தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்பாள். தட்டு நின்றதும் ஊசியை எடுத்து வைப்பேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போவாள், நான் துடைப்பத்தை எடுப்பேன். நாலு வருஷம் இப்படிப் போனது. என் ஆயுசில் நன்றாக இருந்த நாலு வருஷம் அதுதான். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உலகச் சண்டைக் காலத்தில் ஒருநாள் முதலாளி மகன் வந்தார். கழுத்தில் மப்ளர், பையில் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, சாமான் தூக்க இரண்டு ஆள். பங்களாவில் எதையும் தொடாமல் நின்றபடியே பார்த்தார்.

"பாட்டுப் பொட்டிய எடுத்துக்கறேன். சண்டை நடக்கறதுல புதுசு எங்கியும் கெடைக்கறதில்லே."

"தட்டுங்களுங்க?" என்றேன்.

"அந்தப் பழங்குப்பைய இப்ப ஆரு கேக்கறாங்க? நீங்களே வெச்சுக்கங்க. கொழந்தைங்க உருட்டி வெளையாடட்டும்."

எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. அது அவருக்குத் தெரியாது. பெட்டி ஒருவன் தலையில் ஏறி இறக்கத்தில் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன். பதினொரு தட்டும் என் மடியில் இருந்தன, பாட்டு இல்லாமல். பசிக்கிறவளுக்குப் பூட்டின தானியக் களஞ்சியத்தைக் காட்டினது போல.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. ஜவுளிக்கடைப் பெட்டி சேந்தமங்கலத்தில் இருக்கிறதே. மழை ஓய்ந்ததும் பிறந்த வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு இறங்கி, அந்தக் கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு தடவை கேட்டுவிட்டு வந்துவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டால்கூடப் போதும். அதை நினைத்துக்கொண்டே மழைக்காலத்தைத் தள்ளினேன்.

மலையில் மழை என்றால் வீட்டுக்குள்ளும் மழைதான். சுவர் வியர்க்கும், பாய் நமுக்கும், பெட்டிக்குள் வைத்த சேலையில் பூஞ்சை பூக்கும். தட்டுகளின் உறைகளில் வெள்ளையாகப் படர ஆரம்பித்ததைப் பார்த்ததும் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எங்கே வைக்கலாம் என்று மலைக்காரியிடம்தான் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"நாங்க வெதச் சாமையெல்லாம் எங்கீங்க வெக்கறோம்? அடுப்புக்கு மேல பரண்லதானுங்க. பொகை பட்டா ஈரமும் அண்டாது, பூச்சியும் அண்டாதுங்க."

சரியாகத்தானே சொன்னாள்! அந்த மலையில் ஒரு வீட்டில்கூட விதையைக் கீழே வைக்கமாட்டார்கள். அடுத்த வருஷத்துச் சோறு எதில் இருக்கிறதோ அதற்குத்தான் பரணில் இடம். தட்டுகளைப் பழைய சேலையில் வைக்கோல் வைத்துச் சுற்றிக் கட்டி, மூங்கில் பட்டைப் பரணில் ஏற்றினோம். மேலே சாமை மூட்டை ஒன்றை வைத்து அழுத்தினேன். கீழே மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. சோறு பொங்கும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். பிரித்தால் ஈரம் ஏறிவிடும் என்று ஒரு நாளும் பிரிக்கவில்லை.

தை மாதம் இறங்கினோம். மலைக்காரி தட்டுக் கட்டு வைத்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். விடியலில் புறப்பட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வெயில் உச்சிக்கு வரும்போது சேந்தமங்கலத்து ஜவுளிக்கடை வாசலில் நின்றோம். கடைக்காரர் நல்ல மனிதர். கூட்டமில்லாத நேரம், போட்டுக் காட்டுகிறேன் என்றார். கூடையை இறக்கிக் கட்டைப் பிரித்தேன்.

பொரித்த அப்பளம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பதினொன்றும். ஒன்று மேலே வளைந்து, ஒன்று கீழே வளைந்து, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பரணின் மூங்கில் பட்டைகள் அழுந்திய தடம் வரிவரியாக அப்படியே தெரிந்தது.

கடைக்காரர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்கம்மா வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"அட ஆண்டவனே! இது அரக்குங்கம்மா. அரக்கைக் கொண்டுபோயி ஆராச்சும் அடுப்புக்கு மேல வெப்பாங்களா?"

அரக்கை எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அரிவாளைப் பிடியில் ஏற்றுவதற்கு அரக்கைத்தான் நெருப்பில் காட்டி இளக்கி ஊற்றுவார்கள். அது இளகுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இந்தக் கறுப்புத் தட்டு அரக்கு என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. விதையைக் காப்பாற்றுகிற இடத்தில் வைத்துச் சமைத்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து, கடைக்காரர் அந்த ஒரு தட்டை மட்டும் பெட்டியில் வைத்து, ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டு ஊசியை இறக்கினார். ஊசி ஏறிக் குதித்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில், ஒரு மூச்சு நேரம், அந்த அம்மாளின் குரல் வந்தது. கோணலாக, கிணற்றுக்குள் விழுகிறவள் கத்துவது போல. பிறகு ஊசி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. போதும் என்று நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. அடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் மலை ஏறினோம். தட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டேன். காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். பாதிவழியில் ஓடை குறுக்கிடும் இடத்தில் உட்கார்ந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. ஓடைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் என் முதுகைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்திருக்க வேண்டும்.

பிறகு பாட ஆரம்பித்தாள்.

அதே ராகம். சொல்லில்லாத அந்தக் குரல் ஏறிய வழியெல்லாம் ஏறினாள், நின்ற இடத்தில் நின்றாள். நாலு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில் ஒரு வளைவு பாக்கியில்லாமல் அவள் தொண்டையில் இருந்தது. மலைக்காட்டில் ஆளைக் கூப்பிட்டுப் பழகிய, கரகரப்பான, பெரிய குரல். அந்த அம்மாளின் குரல் இல்லை. எனக்குத் தேறுதல் சொல்வதற்காகப் பாடுகிறாள் என்பது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அது அந்த அம்மாள் இல்லை என்பதுதான். என் தங்கத்தை உருக்கினவளே அதன்மேல் ஏறி மிதிப்பது போல இருந்தது. முன்கோபம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

"வாய மூடு! பரண்ல வெக்கச் சொன்னவ நீதானே! மாடு கத்தறாப்பல கத்தி அந்தம்மாளையும் கெடுக்காதே!"

அவள் பாதி மூச்சில் நிறுத்தினாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சரிங்கக்கா" என்றாள். கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் ஏறினாள். வீடு வரும்வரை நான் பார்த்தது அவள் குதிகாலை மட்டும்தான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் காதில் ராகம் இருக்கிறது, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் இருந்தது. பிறகு முடிவு மறந்தது. பிறகு நடு. பாத்திரம் விளக்கும்போது பாடிப் பார்ப்பேன். முதல் ஏற்றத்தோடு நின்றுபோகும், அடுத்த அடி எங்கே என்று தெரியாது. பயம் வந்துவிட்டது. ஒருநாள் பங்களா வாசலில் அவளை நிறுத்தினேன். கெஞ்சத்தான் நினைத்தேன். வாயில் வந்தது அதிகாரம்.

"ஏ புள்ள, அந்த ராகத்த ஒருக்காப் பாடு."

"எனக்கு மறந்துபோச்சுங்கக்கா" என்றாள். குடத்திலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் திரும்பி நடந்தாள்.

நம்பினேன். எனக்கே மறந்துவிட்டது, அவளுக்கு எப்படி நிற்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காப்பிப் பறிப்பின்போது, வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் அந்த ராகம் கேட்டது. மிளகுக்கொடி ஏறின மரத்துக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். பலாமரத்துக் கிளையில் தன் கைப்பிள்ளைக்குத் தூளி கட்டி, காலால் ஆட்டிக்கொண்டு, கையால் காப்பிப் பழம் பொறுக்கிக்கொண்டு அவள் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு மறந்த நடு, எனக்கு மறந்த இறக்கம், எல்லாம் இருந்தது. அன்றைக்கு மாட்டுக்குரல் என்று சொன்னேனே, அந்தக் குரலில்தான். எத்தனை அழகாக இருந்தது! இறக்கத்தை முடித்து அடுத்த ஏற்றத்துக்கு மூச்சு எடுத்தாள். இன்னும் கிட்டத்தில் கேட்கலாம் என்று ஒரு அடி வைத்தேன். சருகு நொறுங்கியது.

நின்றுவிட்டது.

"வாங்கக்கா" என்று எழுந்தாள். "வெயில்ல வந்திருக்கறீங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"இப்பப் பாடினியே, கண்ணு..."

"நானுங்களா? புள்ள அழுதானுங்க. சும்மா என்னமோ மொனகினேன்."

செம்பைக் கழுவி, நிறையத் தண்ணீர் மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. நான் குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று, செம்பை வாங்கிக்கொண்டு, நான் போவதற்காகக் காத்திருந்தாள்.