சிங்காரத்தின் ஐந்தாவது கியர்

திருப்பாதிரிப்புலியூர் சிங்காரம் வேன் ஓட்டுகிற வேகம் தாங்காமல் ஆலப்பாக்கத்தில் ஒரு நத்தை பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. நானே கேட்டிருக்கிறேன். இருபது வருடத்தில் அவர் வண்டியில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

2009 மாசியில் அவர் மகன் மணவாளனுக்குச் சிதம்பரத்தில் ஒரு சின்ன முருகன் கோயிலில் கல்யாணம். திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் தாலி ஏறாவிட்டால் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவேன் என்று சம்பந்தி கோவிந்தசாமி கறாராகச் சொல்லியிருந்தார். மணவாளனுக்கோ புதன்கிழமை குவைத்துக்கு விமானம். இந்த முகூர்த்தம் தவறினால் இனி இரண்டு வருடம் கழித்துத்தான். அதுவரை பெண் வீட்டார் காத்திருப்பார்கள் என்பது என்ன நிச்சயம்?

விடியுமுன் கிளம்பினோம். மாப்பிள்ளையின் அப்பாவேதான் டிரைவர். சிப்காட் தொழிற்பேட்டை தாண்டியதும் பனி மூடியது. என் மடியிலிருந்த தாம்பாளமே எனக்குத் தெரியவில்லை. சிங்காரம் பாட்டை நிறுத்தினார், பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார், இரண்டாவது கியருக்கு வந்தார். அதிலேயே இருந்தார்.

அவர் மனைவி மங்கலம் முதலில் கெஞ்சினாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் தம்பி வைத்திலிங்கம்தான் அடங்கவில்லை.

"மாமா, இப்படியே போனா பேரன் காதுகுத்துக்குத்தான் போய்ச் சேருவோம்."

கோவிந்தசாமி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுக்க யாருக்கும் தைரியமில்லை.

புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு கார் ஹாரனை அழுத்தியபடி பின்னால் வந்தது. வைத்திலிங்கம் கை நீட்டி அதை நிறுத்தி, மாப்பிள்ளையையும் தாலியையும் அதில் அனுப்பிவிடலாம் என்றார். காரில் இடமும் இருந்தது. மணவாளன் கதவில் கை வைத்துவிட்டான்.

"எறங்காதடா," என்றார் சிங்காரம். "மாசி மாசம். ரோட்டுல உளுந்துச் செடிய பரப்பியிருப்பாங்க, வண்டி ஏறி மணி உதிரட்டும்னு. பனியில நனைஞ்சா எண்ணெயாட்டம் வழுக்கும். சுத்தி கல்லு வேற வச்சிருப்பாங்க."

"கல்யாணம் நின்னுபோச்சுன்னா?"

"நிக்கட்டும். நீ முழுசா இருக்கணும்."

மணவாளன் கையை எடுத்துக்கொண்டான். கார் சீறிக்கொண்டு பனிக்குள் போனது. சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு நீண்ட கிறீச்சல், பிறகு ஒரு மோதல் சத்தம். அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

நாங்கள் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது சாலை நிறைய ஈர உளுந்துச் செடி. காரின் மூக்கு வாய்க்காலுக்குள் இருந்தது. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் நெற்றியில் ரத்தம், உயிருக்கு ஒன்றுமில்லை. சிங்காரம் அவர்களை இழுத்து வெளியே எடுத்து வேனில் ஏற்றினார். இப்போது யாரும் மணி கேட்கவில்லை.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வெயில் வந்தது. பனி விலகி, சாலை காய்ந்து வெறிச்சென்று கிடந்தது. சிங்காரம் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கெட்டியா புடிச்சிக்குங்க."

அந்த வேனுக்கு ஐந்தாவது கியர் உண்டென்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் மூக்குத்தி காதுக்குப் போய்விட்டது. வைத்திலிங்கம் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மாமா, மெதுவா மாமா," என்று முனகினார்.

"ரோடு நல்லாத்தான இருக்கு மச்சான்," என்றார் சிங்காரம்.

கோவிந்தசாமி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். அதைக் கழற்ற வைத்துத்தான், ஏழரைக்குள், தாலி ஏறியது. நெற்றியில் கட்டுப்போட்ட இரண்டு பேரும் பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஊர் திரும்பும்போது வைத்திலிங்கம் மட்டும் பஸ்ஸில் வந்தார்.