பச்சைக் களிமண்ணும் நான்கு பழைய பிஸ்டன்களும்

யாரும் தானாகக் கொடுக்காமல் என் தங்கை ஜெயித்து வாங்கியவை இவை: ஏறி நிற்க ஒரு மரப்பலகை, ஏனென்றால் எங்கள் கார் பட்டறையின் மேசைகள் எல்லாம் ஆண்களின் உயரத்துக்கு அடித்தவை. அளவுக்கருவிப் பெட்டியின் சாவி. ‘பாப்பா’ என்று கூப்பிட்டவர்கள் வாயாலேயே ‘என்ஜின்காரம்மா’ என்ற பெயர். கடைசியாக, பட்டறையின் என்ஜின் புத்தகத்தில் ஒரு கையெழுத்து.

நான் அங்கே உதிரிபாக அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ஜினைப் பூட்டியவர் அந்தப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். ஆனால் ஆறு வருடமாக அவள் பூட்டிய என்ஜின்களுக்கெல்லாம் தலைமை மெக்கானிக்தான் கையெழுத்திட்டார். கெட்ட மனிதர் இல்லை. பழக்கம் அப்படி.

ஒரு கணக்கு வாத்தியார் தன் சின்னக் காருக்கு அதே கம்பெனி வேனின் பெரிய என்ஜினை மாற்றிப் போடச் சொன்னார். உள்ளே எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்றார். பிஸ்டன்களை வரவழைத்தவன் நான். காருடையதும் வேனுடையதும் ஒரே விட்டம் என்று மூன்று முறை அளந்து, வேனுடையது கிடைக்காததால் காருடையதை வாங்கினேன். உயரத்தை அளக்கவில்லை. இன்றும் நினைத்தால் காது சுடுகிறது.

தங்கை பிஸ்டன் ஒன்றைப் பூட்டி, மேலே ஏற்றி, அதன் விளிம்பில் நகத்தை ஓட்டினாள்.

“அண்ணே, நகம் தட்டுது. பிளாக்குக்கு மேல நிக்குது.”

தலைமை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். “நடுவுல கேஸ்கெட் வருதுல்ல? நகத்தால என்ஜின் பாக்குற ஆளு நீ ஒருத்திதான்.”

“ஹெட்டு இடிக்காது சார். வால்வு?”

மதியம் சாப்பிடப் போனவள் என் மகளின் விளையாட்டுக் களிமண்ணோடு திரும்பினாள். பச்சை நிறம். பிஸ்டன் தலையில் அப்பி, வால்வுகள் இருக்கும் மேல்மூடியான ஹெட்டை வைத்து முறுக்கி, கையாலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்றிக் கழற்றினாள். களிமண்ணில் வால்வுகள் இரண்டு பிறைகளாகப் பதிந்திருந்தன. மெல்லிய இடத்தைப் பிளேடால் வெட்டி அளந்தாள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டிய இடத்தில் அரைகூட இல்லை. ஓடிச் சூடானால் வால்வு முட்டி வளைந்திருக்கும்.

“இந்தப் பிஸ்டனை எடுத்தது யாரு?” என்றார் அவர்.

“நான்தான் சார்.”

“அண்ணன் விட்டத்தைச் சரியாத்தான் அளந்தாரு. மேலேருந்து பாத்தா ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க சார்” என்றாள் தங்கை. பிறகு தட்டில் கிடந்த வேனின் பழைய பிஸ்டன்கள் நான்கையும் கரி போகக் கழுவி, ரிங் உட்காரும் ஒவ்வொரு பள்ளத்தையும் அளந்தாள். “இது நாலும் நல்லாயிருக்கு. ரிங்கும் பேரிங்கும் புதுசு. பிஸ்டன் இதுதான்.”

களிமண்ணை வைத்து மறுபடி சுற்றினாள். இரண்டரை மில்லிமீட்டர் நின்றது.

“பழசைப் போட்டுப் புகை கக்கினா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா.”

“அப்ப நான் போடறேன் சார்.”

“போட்டா பழியும் உன்னுதுதான். மறுபடி பாகம் கழுவுற தொட்டிக்குப் போகணும்.”

“தொட்டிக்கு என்னைத் தெரியும் சார்.”

வாத்தியாருக்கு ஆள் அனுப்பினோம். அவர் இரண்டு களிமண் துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “என் பிள்ளைங்க விடைத்தாள்ல இவ்வளவு தெளிவா எழுதினதில்ல. பழசையே போடும்மா” என்றார்.

அந்த என்ஜின் பதினோரு வருடம் ஹெட் திறக்காமல் ஓடியது. பின்னாளில் என்ஜின் மாற்ற வண்டி வந்தாலே, “களிமண் எங்கம்மா?” என்று முதலில் கேட்டவர் தலைமை மெக்கானிக்தான். பட்டறை இருந்த இடத்தில் இப்போது நாற்காலி விற்கிறார்கள். பிறை பதிந்த அந்தப் பச்சைத் துண்டு, கல்லாக இறுகி, என் வாஷர் டப்பாவில் இருக்கிறது. திறந்தால் மண்ணெண்ணெய் வாசனையோடு அவளுடைய அந்த வயது வருகிறது.

அந்தப் பழைய பிஸ்டன்களை உள்ளே இறக்கி, ஹெட்டை முறுக்கி முடித்த அன்று, என்ஜினைக் கிளப்பும் முன்பே புத்தகத்தைக் கேட்டாள். இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். என் பேனாவை வாங்கி, முதலெழுத்தோடு முழுப்பெயரையும் நிதானமாக எழுதினாள். கீழே தேதி: 17 மார்ச் 1994, வியாழக்கிழமை.