விட்டுக்கொடுத்த செட்

அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் இவர்கள்.

ஓட்டியது ஜீப்புக்காரர். வண்டியும் அவருடையது, நாங்களும் அவருடைய ஆட்கள். எந்த ஊரில் வாலிபால் போட்டி என்றாலும் கமிட்டிக்காரர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். ஆள் வேண்டுமென்றால் கொண்டு இறக்குவார். முன்சீட்டில் லிஃப்டர், பந்தை எடுத்துத் தருகிறவன். களியக்காவிளையில் தையல் கடை வைத்திருந்தான். பின்னால் வலது பக்கம் குன்னத்துகால் நெட்டையன். வலைக்கு மேலே கை தூக்கித் தடுப்பது அவன் வேலை. அவனுக்கு எதிரே கள்ளிக்காட்டு அண்ணன் தம்பி இரண்டு பேர், பின்னால் நின்று பந்து எடுப்பவர்கள். லீவில் வந்திருந்த பட்டாளக்காரர் ஒருவர், சர்வீஸ் நன்றாகப் போடுவார். கடைசியில், பின் கதவை ஒட்டி, நான். நான் அடிக்கிறவன்.

பாறசாலையிலிருந்து பனச்சமூடு பக்கம் போனோம். ஃபைனல். ஞாயிற்றுக்கிழமை. கரண்டை நம்ப முடியாது என்று மூணு மணிக்கே தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வழியில் யாரும் என்னோடு அதிகம் பேசவில்லை. எதிரே நிற்கப் போவது எங்க ஊர் டீம் என்று எல்லாருக்கும் தெரியும். எங்களைக் காசு கொடுத்து எடுத்திருந்தது அந்தப் போட்டி நடக்கிற ஊர்.

நான் படித்தது ஏழாம் கிளாஸ் வரைக்கும். பிறகு ரப்பர் வெட்டு, மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியும் முன்னே தோட்டத்தில் ஏறினால் பத்து மணிக்குள் மரம் வெட்டி முடியும். பால் எடுத்து, ஷீட் அடித்து, வீட்டுக்கு வந்து கிழங்கும் மீனும் தின்று கொஞ்சம் படுத்தால் நாலு மணி ஆகிவிடும். அப்புறம் கிரவுண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரும் ஒன்றும் நடாமல் விட்ட துண்டு நிலம். இரண்டு கமுகை நட்டு வலை கட்டியிருந்தோம். கோடு போடச் சுண்ணாம்பு கிடையாது. காலால் கீறிக்கொள்வோம்.

அங்கே எனக்குப் பந்து எடுத்துத் தந்தது என் கூட்டுக்காரன். அவனும் ரப்பர் வெட்டுதான், பக்கத்துத் தோட்டம். பத்து வருஷம் அவன் தந்த பந்தை அடித்தேன். அவன் கையில் பந்து படும் முன்பே நான் குதித்துவிடுவேன். மேலே போய்க் கையை வீசும்போது பந்து அங்கே இருக்கும். அது எப்படி என்று நாங்கள் பேசிக்கொண்டது கிடையாது. சரியாக மாட்டின அடி என்றால் உள்ளங்கையில் தொடங்கி முதுகு வழியாக ஒன்று இறங்கும். அதற்கு என்ன பெயர் என்று தெரியாது. ராத்திரி படுத்தாலும் உடம்பில் இருக்கும். காலையில் வெட்டுக்கத்தி பிடிக்கும்போதும் இருக்கும். அதற்காகத்தான் விளையாடியது. வேறு எதற்கும் இல்லை.

ஜீப்புக்காரர் ஒருநாள் எங்க கிரவுண்டுக்கு வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் என்னை மட்டும் கூப்பிட்டார். முதலில் பரோட்டாவும் இறைச்சியும் பஸ் கூலியும். பிறகு காசு. ஒரு சீசனில் மரம் வெட்டிக் கிடைப்பதைவிட அது கூடுதலாக வந்தது. ஓணம் கழிந்தால் தொடங்கும், ஜூனில் இடவப்பாதி மழை விழுந்தால் நிற்கும். கோவில் திருவிழா, சர்ச்சுப் பெருநாள், கிளப்பு ஆண்டு விழா. இரண்டாவது வருஷம் மரத்தை வேறு ஆளுக்கு விட்டுக் கொடுத்தேன். முதலாளி, யோசித்தாயா என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். யோசிக்க ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை. பிடித்த காரியத்துக்குக் காசு தருகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் மூணு செட்டில் முடிந்தால் கமிட்டிக்கு நஷ்டம். ஜனம் எழுந்து போய்விடும். குலுக்கல் கூப்பன் விற்காது, டீக்கடைக்காரன் சண்டைக்கு வருவான். அதனால் நல்ல டீம் ஒரு செட்டையோ இரண்டையோ விட்டுக் கொடுக்கணும். அஞ்சு செட் போகணும். ஜீப்புக்காரர் வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தலையில் கட்டினால் செட்டை விடணும் என்று அர்த்தம். எல்லா டீமிலும் இது நடந்தது. யாரும் இதைக் கள்ளத்தனம் என்று நினைத்ததில்லை. கூலிக்கு வந்தவன் சொன்ன வேலையைச் செய்கிறான்.

ஆனால் அதைச் செய்யத் தெரியணும். சிலர் பந்தை வலையில் கொண்டு அடிப்பார்கள். ஜனத்துக்குப் புரிந்துவிடும், கூவும், கல் எறியும். நான் முழு பலத்தோடு அடிப்பேன். கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழும். கேலரி முழுக்க அய்யோ என்று சத்தம் வரும். என்னைக் கமிட்டிக்காரர்கள் கேட்டு வாங்கியது உள்ளே அடிப்பதற்காக மட்டும் இல்லை. அந்த நாலு விரலுக்காகவும்தான்.

முதுகில் இறங்குகிற அது எப்போது போனது என்று தெரியவில்லை. ஒரு நாளில் போகவில்லை. முதலில் குதிப்பை மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். இந்தப் பந்துக்கு இவ்வளவு போதும், அடுத்த வாரமும் கால் முட்டு வேண்டும் என்று. பிறகு அடி நன்றாக விழுந்தாலும் முதுகில் ஒன்றும் இறங்கவில்லை. உள்ளே விழுந்ததும் வெளியே விழுந்ததும் கைக்கு ஒன்றுபோலத் தெரிந்தது. வீட்டில் கட்டிலுக்கு அடியில் எனக்குச் சொந்தமாக ஒரு பந்து கிடந்தது. காற்று போயிருந்தது. அடித்து வைக்கத் தோன்றவில்லை. சீசன் இல்லாத ஒரு சாயங்காலம் கிரவுண்டு வழியாக வந்தேன். ஒரு கை குறைகிறது, வாடே என்று கூப்பிட்டார்கள். முட்டு நோவு என்றேன். முட்டில் நோவு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அந்த வழியாக நடப்பதை விட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்க ஊர் டீம் ஃபைனல் ஏறியது. கூலி ஆள் ஒருவனும் இல்லை. எல்லாம் ரப்பர் வெட்டும் கல்லு வேலையும் செய்கிற பயல்கள். கூட்டுக்காரன்தான் கேப்டன். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தான். கட்டன் சாயா குடித்தான். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நிற்பாயா என்று கேட்டான். ஜீப்புக்காரரிடம் ஏற்றுவிட்டேன் என்றேன். ஒரு தடவை மறுத்தால் அவர் மறு தடவை கூப்பிட மாட்டார். அது அவனுக்கும் தெரியும். டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான்.

"செரி. அப்போ எதிரே நில்லு. எனக்கு அதும் போதும். உனக்க அடியை ஒரு தடவை நான் எடுத்துப் பாக்கணும்."

அவனுக்குக் கப்பு முக்கியம் இல்லை என்று அப்போது தெரிந்தது. பத்து வருஷம் எனக்குப் பந்து தந்தவன். ஒரு தடவையாவது எனக்கு எதிரே நின்று நேராக விளையாடணும். அதற்காகத்தான் இத்தனை டீமைத் தோற்கடித்து ஃபைனல் வரை வந்திருந்தான். என்னிடம் கொடுக்க அது இருக்கிறதா என்று எனக்குத்தான் தெரியவில்லை.

கமுகு கட்டின கேலரி. ஒரு பக்கம் முழுக்க எங்க ஊர் ஆட்கள். அப்பாவும் வந்திருந்தார். நான் காசுக்கு விளையாடுகிற எந்த ஆட்டத்துக்கும் அவர் வந்தது கிடையாது. அன்றைக்கு ஊருக்காக வந்திருந்தார். அவர் உட்கார்ந்த இடம் எனக்கு நேர் எதிரே.

நாங்கள் இறங்கினதும் தொடங்கினார்கள்.

"எலே, உனக்க வீடு இந்தப் பக்கம் ஆக்கும். வழி தெரியலியா?"

"அவனுக்கு ரேஷன் கார்டு ஜீப்பில இல்லியா இருக்கு."

ஜனம் சிரித்தது. நெட்டையனும் சிரித்துவிட்டான். அப்பா சிரிக்கவில்லை.

முதல் செட் நாங்கள். இரண்டாவதை அவர்கள் எடுத்தார்கள், நேராகத்தான் எடுத்தார்கள். கூட்டுக்காரன் பந்து கொடுக்கிற விதம் அப்படியேதான் இருந்தது. அந்தக் கையிலிருந்து பந்து வேறு ஒருவனுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூணாவது நாங்கள். நாலாவதும் எங்கள் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. மைக்கில் கூப்பன் விற்றுக்கொண்டிருந்தார்கள், குலுக்கலில் ஒரு ஆடு. ஆடு கம்பத்தில் கட்டியிருந்தது. ஜீப்புக்காரர் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார்.

நெட்டையன் கையை அகலமாக வைத்தான். பட்டாளக்காரர் சர்வீஸை வலையில் போட்டார். ஒவ்வொன்றாக விட்டோம். கடைசிப் பந்து எனக்கு வந்தது. எதிரே தடுக்க ஆளே இல்லை. அடித்தேன். நாலு விரல் வெளியே.

எங்க ஊர்க் கேலரி எழுந்துவிட்டது. துண்டு பறந்தது. பயல்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார். பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நான் உள்ளே அடித்த எந்த அடிக்கும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கூட்டுக்காரன் மட்டும் துள்ளவில்லை. பக்கம் மாறும்போது வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். சத்தம் கூட்டவில்லை.

"எலே, அது வெளியில போக வேண்டிய அடி இல்ல."

நான் வலைக்கயிற்றை இழுத்துப் பார்த்தேன்.

"நேரா அடிச்சா உனக்கு இடது கால் முதல்ல இறங்கும். இப்போ ரெண்டும் ஒண்ணா இறங்கிச்சு. நான் காணாததா?"

"களி, மக்கா, ஆட்டத்தைப் பாரு," என்றேன்.

"நான் களிக்கத்தான் வந்தேன். நீ எதுக்கு வந்த?" அவன் பயல்கள் பக்கம் பார்த்தான். இன்னும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். "அதுகளுக்கு தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா எனக்கு இந்தப் பிச்சை வேண்டாம். தோக்கடிக்கணும்னா தோக்கடிச்சிட்டு போ."

போய்விட்டான். ஜீப்புக்காரர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மோனே, கடைசி செட்டில் அவங்களைப் பதிமூணு வரைக்கும் இழுக்கணும், கூப்பன் கொஞ்சம் பாக்கி உண்டு என்றார். நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன். லிஃப்டரிடம் போய், எல்லாப் பந்தையும் எனக்குத் தா என்றேன். அவன் ஜீப்புக்காரரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தந்தான்.

அஞ்சாவது செட்டில் மட்டும் சர்வீஸ் யாருடையது என்று கணக்கில்லை. பந்து விழுந்தால் பாயிண்ட். பதினைந்தில் செட், சீக்கிரம் முடியும்.

அடித்தேன். குதிப்பை மிச்சம் பிடிக்கவில்லை. முட்டைப் பற்றி நினைக்கவில்லை. முதல் அடி அவர்களுடைய ஒரு பயலின் நெஞ்சில் பட்டது. உட்கார்ந்துவிட்டான். அடுத்தது கோட்டின்மேல் விழுந்து சுண்ணாம்பு பறந்தது. பட்டாளக்காரர் ஒரு சர்வீஸை வெளியே போட்டார், பழைய கணக்கில் இருந்திருப்பார். திரும்பிப் பார்த்தேன். பிறகு அப்படிப் போடவில்லை. ஜீப்புக்காரர் துண்டைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார். பிறகு எழுந்து நின்று சத்தம் போட்டார். மைக்குக்காரன் கூப்பனை நிறுத்திவிட்டான். எங்க ஊர்க் கேலரி பைய அடங்கியது. கொஞ்சம் கழித்து ஒன்றுமே கேட்கவில்லை, பந்துச் சத்தம் மட்டும்தான்.

கூட்டுக்காரன் முன்கோட்டிலிருந்து பின்னால் இறங்கி என் அடியை எடுக்க நின்றான். லிஃப்டர் செய்கிற வேலை இல்லை அது. ஒன்றில் விழுந்தான். இன்னொன்றில் முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. ஒன்றை எடுத்தும்விட்டான், இரண்டு கையும் சேர்த்து, பந்து நேராக மேலே போனது. எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். கிரவுண்டில் சிரிப்பானே, அதே சிரிப்பு. ஒரு தடவை வலைக்குப் பக்கத்தில் வந்தபோது, அடிப்பதுபோல் காட்டி என் தலைக்கு மேலே மெல்லத் தட்டிப் போட்டான். எனக்குப் பின்னால் விழுந்தது. அப்போதும் சிரித்தான். தோற்றுக்கொண்டிருந்தான். முகத்தில் அது இருந்தது. நான் சொன்னேனே, பெயர் தெரியாத அந்த ஒன்று. அவனிடம் முழுசாக இருந்தது.

நானும் காத்துக்கொண்டுதான் அடித்தேன். இந்த அடியில் வரும், அடுத்த அடியில் வரும் என்று. காசும் இல்லை, துண்டும் இல்லை, எதிரே அவன். இனி வராமல் இருக்கக் காரணம் இல்லை. உள்ளங்கை எரிந்தது. இடது கால் முதலில் இறங்கியது. முதுகில் ஒன்றும் இல்லை. மரத்தில் கத்தி ஓடுவதுபோல ஓடியது. அவ்வளவுதான்.

விசில் அடித்ததும் அவன் வலைக்கு அடியில் குனிந்து வந்து கையைப் பிடித்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"இது களி," என்றான். "நாளைக்கு கிரவுண்டுக்கு வா."

வாறேன் என்றேன். போகவில்லை. அவன் பிறகு கேட்கவும் இல்லை.

அப்பா கூட்டத்தோடு இறங்கிப் போயிருந்தார். ஜீப்புக்காரர் என்னை ஏற்றாமல் வண்டியை எடுத்தார். குலுக்கலில் ஆடு விழுந்த ஆள் அதைக் கயிறு கட்டி முன்னால் இழுத்துக்கொண்டு போனார். நான் பின்னால் நடந்தேன். அடுத்த சீசனில் வேறு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். முட்டு நோவு என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் போய் மரம் கேட்டேன். மேட்டுப் பக்கத்து மரம்தான் இருக்கிறது, பால் குறைவு என்றார். போதும் என்றேன்.

கூட்டுக்காரனை இப்போதும் பார்க்கிறேன். பேசுகிறோம். மழை, ஷீட் விலை, பிள்ளைகள். அந்த ஆட்டத்தைப் பற்றி அவன் ஒரு தடவைதான் பேசினான், எனக்கு முன்னால் வைத்து, அவன் மகனிடம். நான் பார்த்ததில் நல்ல செட் அதுதான் என்றான். மகன் ஸ்கோர் கேட்டான். அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன்.

பதினைந்துக்கு இரண்டு.