ஏணியடியில் மாமியார்

என் தம்பி லீலண்டின் கதையை எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். தண்ணீர் லாரி ஓட்டியே முன்னுக்கு வந்தேன். அவனோ, யூட் இனக் கொள்ளைக்கூட்டத்துக்குத் தப்ப எங்கள் நவஹோ பழங்குடி முன்னோர் பாறை உச்சியில் கட்டிய கல்வீட்டுக்குக் காவல் இருந்தே காலத்தைக் கழித்தவன். உதிர்ந்த கல்லை எடுத்து வைக்கக்கூட மாட்டான். கிடந்தது கிடந்தபடி இருக்க வேண்டும் என்று தொல்பொருள் ஆய்வுக்காரர்கள் சொன்னார்களாம்.

அந்தப் பாறையின் அடியை ஒட்டி ரோடு போட ஒரு கேஸ் கம்பெனி வந்தது. கனத்த வண்டிகள் ஓடினால் சுவர் நிற்காது. தள்ளிப் போடச் சொல்லிப் பேசுவதற்குக் கம்பெனிப் பொறியாளரை அழைத்து வந்தவனே நான்தான். லீலண்ட் காலையிலேயே ஏணி வழியாக மேலே ஏறிவிட்டான். நாங்கள் போனபோது ஏணியடியில் அவன் மாமியார் யினிபா கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்தால் கண் போய்விடும். இறங்க வேறு வழியும் கிடையாது.

"டேய், கண்ண மூடிக்கிட்டு எறங்குடா!"

"இந்த ஏணியிலயா? நீ எறங்கிக் காட்டுண்ணே, பாப்போம்!"

"அத்தே, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்களேன்."

"நான் எதுக்குப் போகணும்? எங்க குலத்தாளுங்க கட்டுன வீடு. ரோடு வேணாம்னு சொல்ல நானும்தான் வந்திருக்கேன். உன் தம்பிய உள்ள போய் உக்காரச் சொல்லு!"

பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "காவல்காரர் வந்து பேசலேன்னா ரோடு இங்கயேதான். நான் கிளம்புறேன்."

"அவன் வர மாட்டான் சார். நீங்க ஏறுங்க!" என்று அவரை ஏணியில் ஏற்றிவிட்டேன்.

அடுத்து, லீலண்ட் இறங்குவதற்குக் கிழவியை அப்புறப்படுத்த வேண்டும். நடக்கவும் மாட்டேன் என்றாள். ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்று, தண்ணீர் நிரம்பிய என் லாரியைப் பாறையோரம் பின்னுக்கு நகர்த்தினேன்.

"நிறுத்துங்க! சுவரு ஆடுது! நிறுத்துங்கய்யா!"

அலறியது லீலண்ட் அல்ல, பொறியாளர். சட்டையெல்லாம் மண்ணாக இறங்கி வந்து, வரைபடத்தில் இருந்த ரோட்டை அடித்துவிட்டு ஓடைக்கு அந்தப் பக்கம் கோடு போட்டார்.

"ஒரு கல்லு போச்சேண்ணே!" என்று மேலிருந்து லீலண்ட் புலம்பினான். நன்றி கெட்டவன். ஊரிலும் அவன் காப்பாற்றினான் என்றுதான் பேசுகிறார்கள். லாரி யாருடையது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பொறியாளர் வண்டி மறைந்ததும் மேலிருந்து மறுபடியும் குரல்.

"அண்ணே, அவங்க போயிட்டாங்களா?"

"எங்கடா போனாங்க? ரோடு தள்ளிப் போன சந்தோசத்துல ரொட்டி சுட இங்கயே அடுப்பு மூட்டுறாங்க!"