மழைக்குள் ஒலித்த பிளாஸ்டிக் வாளி

போன வருடம் ஆவணி மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் வியட்நாம் போயிருந்தோம். மருமகனுக்கு அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. பதுளையை விட்டுக் கொழும்புக்குப் போவதையே பெரும் பயணமாக நினைக்கிற எங்களை, மகள்தான் விமானச் சீட்டு எடுத்து வரவழைத்தாள்.

அங்குள்ள ஒரு கடற்கரை நகரத்தில் ஒருநாள் படகுச் சுற்றுலாவுக்கு எங்களைக் கூட்டிப் போனாள். நாலு தீவு, மதியச் சாப்பாடு, பாட்டுக் கச்சேரி, கடலில் மிதந்தபடி குளிர்பானம். இத்தனைக்கும் சேர்த்து அவர்கள் வாங்கிய காசு, நம் ஊரில் கோழிப் புரியாணிக்கு ஆகும் காசுதான். இவ்வளவு மலிவென்றால் எதிலோ கை வைத்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எண்ணிப் பார்க்காத எதையும் என் மனம் நம்பாது. ஏறியதுமே உயிர்காப்பு அங்கிகளை எண்ணினேன். பயணிகள் இருபத்துமூன்று பேர், அங்கிகள் இருபதுதான்.

மகள் போய் வழிகாட்டிப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வந்து, நான் உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கினாள். அடியில் இன்னும் ஒரு கட்டு அங்கிகள் இருந்தன.

"இனியாவது கடலைப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

எங்கே பார்ப்பது! வழிகாட்டிப் பெண் தலையில் அன்னாசிப்பழம் போல ஒரு தொப்பி. பெரியவர், சிறியவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு பழத்தின் பெயரை வைத்தாள். எனக்குத் துரியன்.

"வெளியில பூரா முள்ளாம்ப்பா" என்று மகள் விளக்கம் சொன்னாள்.

"பாத்த ஒடனேயே கண்டுபிடிச்சிட்டாளே!" என்று என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு ரம்புட்டான் என்று பெயர்.

ஒவ்வொரு தீவிலும் இறங்கி ஏறும்போது அந்தப் பெண் பழப் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவாள். அவரவர் கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். எழுபது வயதில் இது என்ன கூத்து என்று எனக்கு எரிச்சல். மனைவிக்கோ அது பிடித்துப்போனது.

"பெரட்டுல பேர் கூப்புடுற மாதிரியே இருக்குங்க" என்றாள்.

அவள் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். நான் ஆசிரியரான பிறகும் கொழுந்து எடுப்பதை விடாதவள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தப் பெரட்டுக் களத்தில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள்.

மதியம் சாப்பாடு போட்ட சமையல்காரரே, கை கழுவிவிட்டு வாத்தியக்காரர் ஆனார். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிதான் மேளம், சட்டி மூடிதான் தாளம். எனக்குத் தலையிடி. கடைசித் தீவுக்கு அருகில் நங்கூரம் போட்டு, கடலில் ஒரு கயிற்றை வளையமாக மிதக்கவிட்டார்கள். இறங்க விரும்பியவர்கள் அங்கியும் மாட்டிக்கொண்டு, ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து, அந்தக் கயிற்றைப் பிடித்தபடி குளிர்பானம் குடிக்கலாம்.

மகளுக்கு வயிற்றைப் புரட்டியதால் அவள் படகிலேயே படுத்துவிட்டாள். நானும் இறங்கவில்லை. என் மனைவி மட்டும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தாள்.

"நீச்சல் தெரியுமா ஒனக்கு?"

"ஒங்களுக்குத் தெரியுமா? சும்மா இருங்க. இம்புட்டுத் தூரம் வந்து கடல்ல கால் நனைக்காமப் போனா ஊர்ல சிரிப்பாங்க."

கொஞ்ச நேரத்தில், தீவின் பக்கமிருந்து மழை வந்தது. தூறல் இல்லை, ஒரேயடியாகக் கொட்டியது. எதிரில் இருந்த தீவே மறைந்துபோனது. அப்போதுதான் என் மனைவி, மலைநாட்டுப் பெண்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தாள். கழுத்துவரை நனைந்திருந்தும், மழை விழுந்ததும் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். கயிறு கைவிட்டுப் போனது. ஒரு அலை வளையத்தைத் தூக்கியது. மழைத்திரை மூடியது. அவ்வளவுதான், அவளைக் காணவில்லை.

நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஏணியில் எல்லோரும் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வழிகாட்டிப் பெண் ஏணியருகில் நின்று பழப் பெயர்களைக் கூப்பிட்டு, பதில் வந்தால்தான் அடுத்த பெயருக்குப் போனாள். "ரம்புட்டான்!" என்றாள். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. சமையல்காரரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மழையில் படகின் முனைக்குப் போய் அடிக்கத் தொடங்கினார். பாட்டுக்கு அடித்த அடி இல்லை. ஒரே சீராக, நிறுத்தாமல், பலங்கொண்ட மட்டும் அடித்தார். படகோட்டி அலைகளைக் காட்டி, கிளம்பிவிடலாம் என்பதுபோல் ஏதோ சொன்னார். வழிகாட்டிப் பெண் மறுத்துத் தலையாட்டினாள். நங்கூரம் ஏறவில்லை, அடியும் ஓயவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் மழைக்குள்ளிருந்து மெல்லியதாக ஒரு குரல் வந்தது.

"ஓ... இருக்கேன்! இங்க இருக்கேன்!"

வழிகாட்டிப் பெண் அன்னாசித் தொப்பியைக் கழற்றி வீசினாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குரல் வந்த திசையில் குதித்தாள். திரும்பி வரும்போது ஒரு கையில் ரப்பர் வளையம், அதற்குள் என் மனைவி. தலையில் முந்தானை அப்படியே இருந்தது.

துவாயைப் போர்த்திவிட்டு, "பயந்துட்டியாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"பயப்படாம இருப்பேனா? ஒண்ணுமே தெரியல. அப்புறம் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்தப் பக்கமா கையால தண்ணியத் தள்ளிக்கிட்டே வந்தேன்."

அவள் சிறுமியாக இருந்தபோது, விடியற்காலையில் தப்பு மேளம் அடித்துத்தான் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவார்களாம். இருட்டிலும் பனியிலும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தாயோடு ஓடுவாளாம்.

"சத்தம் நிக்காத வரைக்கும் பெரட்டு கலையலன்னு அர்த்தம். நமக்கு நேரம் இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

பிறகு எழுந்து தள்ளாடிப் போய், சமையல்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். உள்ளங்கைகள் கன்றிச் சிவந்திருந்தன. அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாளியை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். படகே சிரித்தது. வழிகாட்டிப் பெண் ஈரத் தலையோடு முதலிலிருந்து எல்லாப் பழங்களையும் மறுபடி கூப்பிட்டாள். என் முறை வந்தபோது கையை உயரத் தூக்கினேன்.

அந்த இருவரின் உண்மைப் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இன்று காலையும் என்னோடு சண்டை பிடிக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றால், முன்பின் தெரியாத ஒரு கிழவிக்காக அந்த மழையில் ஒரு மனிதர் கை ஓயாமல் நின்றதுதான் காரணம் என்பதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை.