தொகுப்பின் கடைசிப் பாட்டு

பாணேரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மராட்டிக்காரர் ஒருவர், இத்தனை வருடமாக நான் எழுதிப் பாடியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு ஆல்பம் போடலாமா என்று கேட்டார். அப்போது புற்றுநோய்க்காக என் குரல்வளையை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பேசுவதற்கு டார்ச் லைட் மாதிரியான ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொள்ள வேண்டும். ஏற்ற இறக்கம் இல்லாமல் அது இரையும். அந்தக் குரலில்தான் "சரி" என்றேன்.

"சந்தோஷமா இருக்கீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். சந்தோஷம் இல்லை. வருத்தமும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து இந்த மராட்டிச் சீமைக்கு, ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவன் நான். கும்மி மெட்டுகளைக் கிடாரில் வாசித்து, கம்பெனி பஸ்ஸையும் ஷிப்ட் தூக்கத்தையும் பற்றித் தமிழில் பாடினேன். தமிழ் தெரியாத கல்லூரிப் பிள்ளைகள்தான் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். பிறகு பாட்டே பிழைப்பாகிவிட்டது.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அன்று மகள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு ஸ்டூடியோவுக்கு வந்தாள். ஒவ்வொன்றாகப் போட்டார்கள். வைக்கலாம், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவன் பரவாயில்லாமல் பாடியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. மதியத்துக்கு வடா பாவ் வந்தது. எனக்கு மட்டும் மகள் பாவ் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள்.

சாப்பிட்ட பிறகு ஸ்டூடியோக்காரர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சித்தப்பா முறை வைத்து என்னை 'காகா' என்றுதான் கூப்பிடுவார்.

"காகா, கடைசியா ஒரு புதுப் பாட்டு இருந்தா நல்லா இருக்கும். ஒண்ணு செஞ்சு பாத்தேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றார் இந்தியில்.

என் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, என் குரலிலேயே ஒரு பாட்டைப் பாட வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் ஃபோனில் தட்டி வைத்த வரிகள். யாரும் பாடாதவை.

"நான்தான் குடுத்தேன்பா. சாரி" என்றாள் மகள்.

பாட்டு ஓடியது. என் குரல்தான். ஊர்ப்பேச்சின் இழுவைகூட அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தத் தொட்டியை ஒருமுறைகூடப் பார்க்காத குரல் அதை உருகி உருகிப் பாடியது. எங்கே உருக வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் காத்திருந்தேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

திரும்பிப் பார்த்தால் மகள் அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள்.

இன்னொரு தடவை போட்டார். முடிந்ததும் கருவியை எடுத்துத் தாடையில் வைத்தேன்.

"நல்லா இருக்குதுங்க. ஆல்பத்துல வேண்டாம்."

"ஏன் காகா?"

காரணம் சொல்ல முயன்றேன். அந்த இரைச்சல் குரலில் காரணம் சொல்வது பெரிய வேலை. "நான் பாடலீங்களே" என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. கடைசிப் பாட்டாக ஒரு பழைய மேடைப் பதிவைப் போட்டுக்கொண்டோம்.

வீடு திரும்பும்போது மகள் கார் ஓட்டினாள். சிக்னலில் வண்டி நின்றபோது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அப்பா, அந்தப் பாட்டு நான் வெச்சுக்கட்டா? யாருக்கும் குடுக்க மாட்டேன், பக்கா."

"வெச்சுக்கோ கண்ணு" என்றேன்.

ஆல்பம் வெளிவந்தது. நிறையப் பேர் ஃபோனில் வாழ்த்து அனுப்பினார்கள். எல்லோருக்கும் கைகூப்பும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். வீட்டில் நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. மகள் மட்டும் துணி மடிக்கும்போது காதில் இயர்போன் மாட்டியிருப்பாள். என்ன கேட்கிறாள் என்று நான் கேட்பதில்லை. நான் கருவியை எடுப்பதைப் பார்த்தால் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "சொல்லுங்கப்பா" என்று பக்கத்தில் வந்து உட்காருவாள்.